பேசாத பேச்சுக்கும் பில்லு

சிங்கப்பூரு, மலேசியான்னு டூர் கெளம்பிட்டியாமே மாப்ளே. திருச்சியில பிளேனு, நடுவுல ரெண்டு ராத்திரி கப்பலு, அப்புறம் கோலாலம்பூருன்னு உங்கம்மா தெரு முழுக்க வாசிச்சிட்டா. எங்கக்கா காதுல விழுந்த சேதி பேப்பர்ல வேற வரணுமா என்ன? பாஸ்போர்ட்டு ரெடி, டிக்கெட்டு ரெடி, வருசம் பூரா வேர்த்துக் கொட்டுற ஊருக்கு ஸ்வெட்டரு கூட வாங்கியாச்சு. போனுக்கு என்னப்பா பண்ணப் போறன்னு கேட்டா மட்டும், "அதான் ரோமிங் இருக்குல்ல மாமா, பாத்துக்கலாம்"ங்கிற.

பாத்துக்கலாம்னு சொன்னவுக மூஞ்சியை பில்லு கையில வாங்குற நேரத்துல பாத்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க மஞ்ச போர்டு மாட்டி எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ பூத்து வச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப ட்ரவுசரு போட்டுக்கிட்டு வந்து கண்ணாடிக் கதவைத் தொறந்து தொறந்து மூடுவ. சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போனவுக வீட்டம்மாமாரெல்லாம் அங்கனதான் பேச வருவாக. ஒரு கையில ரிசீவரு, இடுப்புல புள்ள, கண்ணு மட்டும் மேல மீட்டர்ல. செவப்பு எழுத்துல ரூவா ஓடும். அது ஓடுற வேகத்தைப் பாத்துக்கிட்டே பேசுனதால, சண்டையைக் கூட சுருக்கமாப் போட்டாக. அழுகிற பொம்பளையும் அழுதுகிட்டே ஒரு கண்ணால மீட்டரைப் பாப்பா. "சரி வச்சிருறேன், காசு ஏறுது"ன்னு சொல்லாம எவளும் போனை வச்சதில்ல.

உன் போன்ல அந்த மீட்டரு இல்ல மாப்ளே. இல்லைங்கிறதால ஓடலைன்னு நெனச்சுக்காத. உன் கண்ணுக்குப் படாத எடத்துல யாரோ ஓட்டிக்கிட்டு இருக்காக.

நீ செலவு பண்ணத்தானே போற? அப்ப நல்லா வெளுத்துப் பண்ணு, வழி நான் சொல்றேன். மொத வழி ரொம்ப லேசு. ரோமிங்கைத் தொறந்து விட்டுட்டு வேற ஒண்ணுமே செய்யாத. போன்ல எல்லாத்தையும் எப்பவும் போல ஆன்லயே விட்டுட்டு, சாங்கி ஏர்போர்ட்ல எறங்குனதும் ஏரோபிளேன் மோடை எடுத்து விட்டுரு. மிச்சத்தை எல்லாம் அதுவே பாத்துக்கும். நீ சொன்ன "பாத்துக்கலாம்" அதுதான்.

என்ன நடக்கும்னு கேளு. நீ இமிக்ரேசன் வரிசையில நிக்கிறப்பவே உன் சிம்மு ஊருக்குள்ள போயிருக்கும். அந்த சிம்முக்குள்ள 15 இலக்கத்துல ஒரு நம்பரு எழுதி வச்சிருக்காக. 404, 405ன்னு ஆரம்பிச்சா அது இந்தியா. அந்த ஊரு டவரு அதைப் பாத்ததும் நம்மூரு கம்பெனியைக் கேக்கும்: இப்பிடி ஒரு ஆளு வந்து நிக்கிறான், உன் ஆளுதானா, நம்பிக் கொடுக்கலாமா? இவுக "நம்ம ஆளுதான், கேட்டதைக் கொடு, கணக்கை எங்கிட்ட அனுப்பு"ம்பாக. பக்கத்து ஊரு சந்தைக்குப் போயி, நம்ம செட்டியார் கடை பேரைச் சொல்லி கடனுக்குச் சாமான் வாங்குற கணக்குதான் இது. சந்தைக்காரன் அவன் வெலையைப் போட்டு நம்ம செட்டியாருக்குச் சீட்டு அனுப்புவான். செட்டியாரு சும்மா கொண்டாந்து உன் கையில கொடுப்பாரா? அவரு பங்குக்கும் ஒரு கோடு இழுத்துட்டுத்தான் கொடுப்பாரு. வாங்கும்போது நீ சந்தைக்காரன்கிட்ட வெலை கேக்கல, கொடுக்கும்போது செட்டியாருகிட்ட பேரம் பேச முடியாது.

1992ல பின்லாந்து கம்பெனி ஒண்ணும் இங்கிலாந்து கம்பெனி ஒண்ணும் இப்பிடி மொதமொதல்ல கையெழுத்துப் போட்டாக. அன்னைக்கு ஆரம்பிச்ச சீட்டுதான், இன்னைக்கு நம்ம கீழத்தெரு வரைக்கும் வந்து சேந்துருக்கு.

அடுத்தது இன்கமிங்கு. இதுலதான் நம்ம ஆளுக மொத்தமா கவுந்து விழுவாக. "நான் யாருக்கும் போன் போட மாட்டேன் மாமா, வந்தா மட்டும் எடுப்பேன்"ம்ப. உங்கம்மாவுக்கு நீ சிங்கப்பூர்ல இருக்கிறது தெரியும். அவ போனுக்குத் தெரியாது. அவ பாட்டுக்கு உன் நம்பரை அமுக்குவா, அவளுக்கு உள்ளூரு கால்தான். அது நேரா நம்மூரு கம்பெனிக்குப் போகும். அங்க இருந்து சிங்கப்பூர் வரைக்கும் கொண்டாந்து உன் காதுல சேக்குற கூலி யாரு தலையில? உன் தலையில. பெத்தவ கூப்புட்டா கூலி புள்ள கொடுக்கிறது நியாயம்தான், வச்சுக்க.

1995 ஜூலை 31ல மேற்கு வங்க முதல்வரு ஜோதிபாசு கல்கத்தாவுல இருந்து டெல்லியில மந்திரி சுக்ராமுக்குப் பேசுனாரே, அதுதான் இந்த நாட்டுல மொத செல்போன் பேச்சு. அந்தக் காலத்துல கூப்புடுறவனும் காசு கொடுக்கணும், எடுக்கிறவனும் கொடுக்கணும். 2003லதான் எடுக்கிறவன் தப்பிச்சான். அதுக்கு முந்தி போனு வச்சிருந்த பெரிய மனுசன் எல்லாம் மணி அடிச்சா நம்பரைப் பாத்துட்டு கட் பண்ணிட்டு, பக்கத்துல இருக்கிற லேண்ட்லைனுக்கு ஓடுவாரு. எத்தனை பேரு எம் பூத்துக்கு அப்பிடி மூச்சு வாங்க ஓடி வந்துருக்காக தெரியுமா! மிஸ்டு கால்ங்கிற தர்மத்தைக் கண்டுபுடிச்சதே நம்ம சனம்தான். ரோமிங்ல போனா நீ மறுபடி அந்தக் காலத்துக்கே போயிருவ. டிக்கெட்டு சிங்கப்பூருக்கு எடுத்த, எறங்குறது 2002ல.

எங்கக்காவைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? காலையில "சாப்பிட்டியா ராசா". மத்தியானம் "என்னத்தச் சாப்பிட்ட". சாயங்காலம் "அங்கிட்டு மழையா, இங்கிட்டு ஒரே வெக்கை". நடுவுல "இரு, பக்கத்து வீட்டு அத்தை ஒரு வார்த்தை பேசணும்ங்கிறா". அந்த அத்தை செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு படியேறி வந்து "அலோ"ங்கிறதுக்குள்ள நீ ஒரு தட்டு சோத்துக் காசைக் கட்டிருப்ப. அவளை விடு, ரத்த பாசம். ஒரு பொண்ணு கூப்புட்டு, "சார், பர்சனல் லோன் வேணுமா சார்"ங்கும். வேணாம்மான்னு சொல்றதுக்கும் உன் காசுதான். அந்தப் பில்லைப் பாத்த பெறகு ஒருவேளை வேணும்னே சொல்லுவியோ என்னமோ.

எடுக்காம விட்டா தப்பிக்கலாம்னு கணக்குப் போடுறியா? அங்கயும் ஒரு பள்ளம் இருக்கு. எடுக்கலைன்னா இன்னொரு நம்பருக்குப் போகட்டும்னு நீ ஆபீஸ் கால்களுக்காக பார்வேர்டு போட்டு வச்சிருக்கிற பாரு, அது சிங்கப்பூர் வரைக்கும் வந்து மணியடிச்சு, நீ எடுக்கலைன்னதும் திரும்ப இந்தியாவுக்கே போகும். வந்ததுக்கும் கூலி, போனதுக்கும் கூலின்னு ரெண்டையும் உங்கிட்டக் கேக்கலாம். கெளம்புறதுக்கு முன்னாடி அதை மறக்காம எடுத்து விட்டுரு.

இதை எல்லாம் விட ரசமான சங்கதி ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல முஸ்தபா கடைக்குள்ள போவீக. போகாம வர்ற தமிழன் இன்னும் பொறக்கல. நீ கீழ் மாடியில வாட்ச் பாத்துக்கிட்டு நிப்ப, மருமக மேல எங்கிட்டோ சென்ட் பாட்டிலை மோந்துக்கிட்டு நிக்கும். "எங்க இருக்க?"ன்னு போனு போடுவ. ரெண்டு பேரு கையிலயும் இந்திய நம்பரு. உன் பேச்சு முஸ்தபாவை விட்டுக் கெளம்பி, கடலைத் தாண்டி, நம்ம நாட்டுக்கு வந்து, இங்க திரும்பி, மறுபடி கடலைத் தாண்டி, அதே கடையில மேல் மாடிக்குப் போகும். நீ வெளிநாட்டுக் கால் போட்டதுக்குக் காசு, அது வெளிநாட்டுல கால் எடுத்ததுக்குக் காசு. "இங்கதான் இருக்கேன்"னு பதிலு வரும். புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல இம்புட்டு தூரத்தை உண்டாக்குறதுக்கு எம் பூத்தால கூட முடிஞ்சதில்ல. பேசாம படியேறிப் போயிப் பாரு, வாங்குற ரெண்டு பாட்டிலும் ஒரு பாட்டிலாக் கொறையும்.

பேச்சாவது நம்ம வாயி. நெட்டு இருக்கே, அது நீ தூங்குறப்பவும் பேசிக்கிட்டே இருக்கும். நீ மெர்லயன் சிலையைப் படம் புடிச்சு பையில போட்டுருவ. உன் போனு உடனே அதை எங்கிட்டோ மேலுக்கு ஏத்தி பத்திரப்படுத்தும். நம்ம பங்காளிக குரூப்பு நாலு வச்சிருக்கியே, அதுல விடிஞ்சா ரோசாப்பூவோட காலை வணக்கம், சாமி படம், யாருக்கோ நடந்த வளைகாப்பு வீடியோ அம்புட்டும் தானா எறங்கும். ஆப்புக எல்லாம் நல்ல நாளு பாத்து அப்டேட்டு ஆகும். இதுல ஒண்ணையும் நீ கேக்கல. ஒரு எம்பிக்கு என்ன ரேட்டுன்னு கெளம்புறதுக்கு முன்னாடி கம்பெனியைக் கேளு, ரோமிங் பேக் போடாம இருந்தா என்ன ரேட்டுன்னு குறிப்பாக் கேளு. அவுக சொல்றதை 1024ஆல பெருக்கு. அதுதான் ஒரு ஜிபிக்கு. இங்க நீ ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி பத்தலைன்னு பொலம்புற ஆளு. பெருக்கும்போது உக்காந்துக்கிட்டுப் பெருக்கு.

ஏதோ கெழவன் பயமுறுத்துறான்னு நெனப்ப. அமெரிக்காவுல புளோரிடாக்காரவுக, புருசனும் பொண்டாட்டியும், 2023ல சுவிட்சர்லாந்துக்குப் போயிட்டு வந்தாக. அங்கிட்டு இருந்து போட்டோ, வீடியோன்னு அனுப்பிருக்காக, பத்து ஜிபிக்கும் கொறைச்சல். வந்த பில்லு 1,43,000 டாலரு. ரூவாயில நீயே பெருக்கிக்க. கெளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனியில சொல்லிட்டுத்தான் போனாகளாம். சண்டை போட்டு, சேதி டிவி வரைக்கும் வந்த பெறகுதான் தள்ளுபடி ஆச்சு. உனக்கு எந்த டிவிக்காரன் வருவான்? சுவிஸ்னதும் ஞாபகம் வருது, அடுத்த வருசம் யூரோப்புன்னு மருமக கோலம் போட்டுக்கிட்டு இருக்குல்ல? "அங்கிட்டுதான் ரோமிங்கு இலவசமாச்சே"ன்னு எவனாவது சொல்லுவான். 2017 ஜூன் 15ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல அப்பிடித்தான். ஆனா அது அவுக நாட்டு சிம்முக்கு அவுக போட்டுக்கிட்ட சட்டம். நம்ம சிம்முக்கு அங்க மரியாதை ஒண்ணும் கெடையாது. சுவிட்சர்லாந்து அந்த யூனியன்லயே இல்ல, அதுவும் தெரிஞ்சு வச்சுக்க.

மனுசன் ஏமாந்தா சரி, பறவை ஏமாந்த கதை கேட்டுருக்கியா? 2019ல ரஷ்யாவுல நடந்தது. கழுகு எங்கிட்டுப் போகுது, எங்கிட்டு வருதுன்னு ஆராய்ச்சி பண்றவுக, ஸ்டெப்பிக் கழுகுக முதுகுல சின்னதா ஒரு கருவியைக் கட்டி, அதுல சிம்மைப் போட்டு விட்டுருந்தாக. நாளைக்கு நாலு தடவை "நான் இங்க இருக்கேன்"னு எஸ்எம்எஸ் அனுப்பும். அதுல மின்னுன்னு ஒரு கழுகு. கோடை பூரா கஜகஸ்தான்ல டவரே இல்லாத காட்டுல சொகமாக் கெடந்துச்சு. அனுப்ப முடியாத மெசேஜு எல்லாம் கருவிக்குள்ளயே சேந்துக்கிட்டே போச்சு. கஜகஸ்தான்ல இருந்து அனுப்பிருந்தா ஒரு மெசேஜுக்கு 15 ரூபிளு. அம்மணி அங்க டவரு பக்கம் தலை காட்டாம நேரா ஈரானுக்குப் பறந்துச்சு. அங்க 49 ரூபிளு. ஈரான் டவரைப் பாத்ததுதான் தாமதம், கோடையில சேத்து வச்ச அம்புட்டையும் ஒரேயடியாக் கொட்டிருச்சு. மத்த கழுகுகளுக்குன்னு ஒதுக்கி வச்ச பணத்தையும் சேத்து முழுங்கிருச்சு. ஆராய்ச்சிக்காரவுக கடன் வாங்கி, அப்புறம் "கழுகுக்கு ரீசார்ஜ் பண்ணுங்கய்யா"ன்னு ஊர்ல கையேந்தினாக. சனமும் பாவம்னு லச்ச ரூபிளுக்கு மேல கொடுத்துச்சு. கடைசியில போன் கம்பெனியே கடனைத் தள்ளி, கழுகுக்குன்னு கொறஞ்ச ரேட்டுல பிளானும் போட்டுக் கொடுத்துச்சு. கழுகா பொறந்தா இம்புட்டு சலுகை உண்டு. நீ மாப்பிள்ளையா பொறந்துட்ட.

அதுக்கு முந்தின வருசம் போலந்துல. இது செங்கால் நாரை. அதுக்கும் முதுகுல கருவி, உள்ள சிம்மு. ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போயி சூடான்ல காணாமப் போச்சு. கொஞ்ச நாள்ல பில்லு வந்துச்சு, 10,000 ஸ்லோட்டிக்கும் மேல, அவுக நாட்டுப் பணம். நாரை யாருகிட்ட இம்புட்டு பேசிருக்கும்? எவனோ கருவியைக் கண்டெடுத்து, சிம்மை உருவி தன் போன்ல போட்டு, இருவது மணி நேரம் பேசித் தீத்துருக்கான். பொண்டாட்டிக்கு சேதி சொல்லச் சொல்லி நாரைகிட்ட வறுமையைப் பாடுன புலவன் நம்மூர்ல ஒருத்தன் இருந்தான். அவன் சல்லிக்காசு செலவு பண்ணல. இதுல உனக்குத் தேவையான சங்கதி ஒண்ணுதான். போனு தொலைஞ்சா மொதல்ல அழாத, மொதல்ல கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்து. அழுகையை அப்புறம் ஓட்டல்ல வச்சுக்க, அதுக்கு ரேட்டு கெடையாது.

சரி, கப்பல் கதைக்கு வா. கரையில இருக்கிற வரைக்கும் சிங்கப்பூரு டவரு. கரை மறைஞ்சதும் போன்ல கம்பி அஞ்சும் எழுந்து நிக்கும். அட, நடுக்கடல்ல சிக்னலான்னு சந்தோசப்படுவ. அது கப்பலுக்குள்ளயே மாட்டி வச்சிருக்கிற டவரு, வானத்துல இருக்கிற சாட்டிலைட்டு வழியாப் பேசுறது. எந்த நாட்டுக்கும் சேராத டவரு, அதுக்குத் தனி நம்பரு, 901. நீ சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பேக் போட்டுருப்ப. கடலு எந்த நாட்டு லிஸ்ட்டுல இருக்கு? சில பிளேனுக்குள்ளயும் இதே மாதிரி டவரு உண்டு. பேக்குல கப்பலும் பிளேனும் சேத்தியான்னு கேளு. சேத்தி இல்லைன்னா கப்பல்ல ஏறும்போதே ஏரோபிளேன் மோடைப் போட்டுரு. கப்பல்ல எதுக்கு ஏரோபிளேன் மோடுன்னு உங்கப்பா கேப்பாரு. நீ பதில் சொல்லாத, அவரு கேட்டுக்கிட்டே இருக்கட்டும், பொழுது போகும்.

எல்லைன்னா கம்பி வேலியும் போலீசும்னு நெனக்காத. டவருக்கு வேலி தெரியாது. சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ் பக்கம் நின்னா, எதுக்க ஜோகூரு. நடுவுல இருக்கிற பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சந்தான். நீ இன்னும் சிங்கப்பூர்ல நிப்ப, உன் போனு மலேசியாவுக்குக் குடி போயிரும். ரெண்டு நாட்டுக்கும் ஒரே பேக்குன்னா கவலை இல்ல. ஒரு நாட்டு சிம்மு மட்டும்னா கவலைதான். எதுக்கு அம்புட்டு தூரம், நம்ம தனுஷ்கோடியில அரிச்சல்முனைக்குப் போயி நின்ன எத்தனையோ பேரு போன்ல இலங்கைக் கம்பெனி பேரு வந்து நிக்குது. விசா இல்லாம சிலோனு போயிட்டு வர்ற வழி அது ஒண்ணுதான். இதுக்கு மருந்து போனுக்குள்ளயே இருக்கு. நெட்வொர்க்கைத் தானா தேடச் சொல்லாம, இதுதான்னு நீயா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வச்சிரு.

இப்ப கேலியைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு சொல்றேன், காதைக் கொடு. ரோமிங் பேக் போடுறது தப்பே இல்ல. ஆனா போடுற பேக்குல நாடு பேரு எழுதிருக்கான்னு பாரு, அந்த நாட்டுல எந்தக் கம்பெனி டவருன்னும் பாரு. ஒரு நாள்னா எதை ஒரு நாள்ங்கிறான்னு கேளு. 24 மணி நேரமா, இல்ல ராத்திரி 12 மணியோட முடியுமா? முடியும்னா எந்த ஊரு 12 மணி? சிங்கப்பூரு நமக்கு ரெண்டரை மணி நேரம் முந்தி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனைத் தொட்டு இன்னொரு நாள் காசைத் தண்டம் அழுதவுக நெறையப் பேரு. போஸ்ட்பெய்டுன்னா இன்னும் சாக்கிரதை, அந்த ஊரு கணக்கு இங்க வந்து சேர நாளாகும், நீ வந்து எறங்கி அல்வா எல்லாம் கொடுத்து முடிச்ச பெறகுதான் பில்லு வரும். ப்ரீபெய்டுன்னா காசு தீந்ததும் வாயை மூடிக்கும். பூத்துல சில்லறை தீந்தா போனை வைக்கிற மாதிரின்னு வச்சுக்க, எனக்கு அந்தக் குணம்தான் புடிக்கும்.

இதை விட மலிவா வேணும்னா, நெட்டுக்கு அங்கனயே ஒரு டூரிஸ்ட் சிம்மு வாங்கிரு. சாங்கியில வெளிய வர்ற எடத்துலயே விக்கிறாக, பாஸ்போர்ட்டைக் காட்டணும். உன் போன்ல இசிம் வசதி இருந்தா இங்க இருந்தே வாங்கி ஏத்திக்கலாம், குண்டூசி வச்சுக் குத்துற வேலையே இல்ல. ஆனா நம்மூரு சிம்மைத் தூக்கிப் போட்டுராத. பேங்க்காரன் ஓடிபி அதுக்குத்தான் அனுப்புவான். வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு கெடையாது, உன் கம்பெனியையும் ஒரு தடவை கேட்டுக்க. அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் ஆப் பண்ணி வச்சிட்டு, நெட்டைப் புது சிம்முக்கு மாத்தி விட்டுரு. வாட்ஸ்அப்பு அதே பழைய நம்பர்லயே ஓடும், உங்கம்மா வீடியோவுலயே பல்லைக் காட்டச் சொல்லிப் பாத்துக்கலாம். ஒண்ணை மறந்துராத. இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்க இருக்கும்போதே தொறந்து விடச் சொல்லணும். தொறக்கலைன்னா அந்த சிம்மு அங்க போயி ஊமையா ஒக்காந்துரும், ஓடிபியும் வராது. நடுவழியில ரீசார்ஜ் கெடு முடியுதான்னும் பாத்துக்க. ஏடிஎம் வாசல்ல ஓடிபிக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளையை எங்கக்கா பாத்தா என்னையத்தான் திட்டுவா.

போன்ல நம்பரு எல்லாம் பத்து இலக்கத்துல கெடக்கும். முன்னால பிளஸ் 91 போட்டு வச்சுக்க. இல்லாட்டி அவசரத்துக்கு அமுக்குனா, அங்கிட்டு எவனோ சீனக்காரன் எடுத்தாலும் எடுப்பான். ரோடு காட்டுற மேப்பை வீட்டு வைபையிலயே எறக்கி வச்சுக்க, நெட்டு இல்லாமலும் வழி சொல்லும். வாட்ஸ்அப்ல படம் தானா எறங்குற எடத்துல ரோமிங்குன்னு தனியா ஒரு வரி இருக்கும், அதுல எல்லாம் எடுத்து விட்டுருக்கான்னு பாரு. சாங்கியில வைபை சும்மா கெடைக்கும். சும்மா கெடைக்கிறதை நீ விட மாட்டன்னு எனக்குத் தெரியும், அதுல பேங்க் வேலை மட்டும் பாக்காத.

மிச்சம் ஒரே ஒரு ஆளு, உங்கப்பாரு. மச்சான் அந்தப் பட்டன் போனை இடுப்புல சொருகிக்கிட்டே பிளேன் ஏறுவாரு. ஏறட்டும். சிங்கப்பூர்ல 2017 ஏப்ரல்லயே 2ஜியை மூடிட்டாக, 2024ல 3ஜியையும் மூடிட்டாக. அவரு போனு அங்கிட்டு மணி பாக்கத்தான் ஆகும், அதுவும் நம்மூரு மணி. "சிக்னலே இல்லடா"ன்னு ஒவ்வொரு மூலையிலயும் கையைத் தூக்கிக் காட்டுவாரு. சொல்லிப் புரிய வைக்காத. இந்தக் குடும்பத்துலயே ரோமிங்குக்கு ஒரு பைசா கொடுக்காமத் திரும்புற ஆளு அவராத்தான் இருப்பாரு. தொலைஞ்சு போனா என்ன பண்றதுன்னு பயந்தா, ஓட்டல் கார்டு ஒண்ணை அவரு சட்டைப் பையில வச்சு ஊக்கு குத்தி விட்டுரு. தமிழ் பேசுற ஊருதானே, கூட்டிக்கிட்டு வந்து விட்டுருவாக.

இந்தா, இந்தச் சீட்டைப் பையில வச்சுக்க. கோடாலித் தைலம் ஆறு, பெரிய பாட்டிலு. மருக்கொழுந்து வாசம் அடிக்கிற பவுடரு, அங்க என்ன பேரோ, மருமகளுக்குத் தெரியும். முட்டிக்குப் போடுற பட்டை ரெண்டு, எனக்கு ஒண்ணு, எங்கக்காவுக்கு ஒண்ணு, அவளது பெரிய சைசு. எல்லாத்தையும் எழுதிட்டேன், ரூவா கணக்கு வந்து பாத்துக்கலாம். அது வேணுமா இது வேணுமான்னு அங்க இருந்து எனக்குப் போனு போடாத. போட்டா எடுக்க மாட்டேன். எனக்கு இன்கமிங்கு இலவசம்தான், ஆனா உன் பில்லை யாரு கட்டுறது?